உப்புக்குள் நின்ற தாரா

2025 ஜனவரி 9, வியாழன்

மழை விட்டது, திருத்தத்துக்கு மோட்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. தண்ணீர் ஏறிய கிணற்று மோட்டர் இன்றைக்கு மட்டும் மூன்று. ஐம்பத்தைந்து வயதில் செப்புக் கம்பி சுற்றுவதென்றால் கண்ணாடி மேல் கண்ணாடி போடவேண்டும் போலிருக்கிறது.

பின்னேரம் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து படலையடியில் நின்றாள். கையில் மோட்டர் இல்லை.

"என்னைத் தெரியுதோ? செல்வநாயகம் மாஸ்ரற்றை மகள் நிவேதனா. நீங்கள்தானே மரநாய் மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்துமூன்று வருடமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. அப்போது அவளுக்கு எட்டு வயது, முன்பல் இல்லை. இப்போது கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலையாம். நாங்கள் காட்டிய பொம்மைப் படத்தை இன்ரநெற்றில் கண்டுபிடித்துவிட்டாளாம். பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறாளாம். அதுவும் எங்கள் தமிழில்தான் காட்டவேண்டுமாம்.

"எங்கடை தமிழ் எண்டால்?"

"நீங்களும் பெர்னடெட் அக்காவும் சொன்ன தமிழ், மாமா."

அந்தப் பெயரை இந்த வளவுக்குள் யாராவது சொல்லி எவ்வளவு காலம்.

ஜனவரி 10

எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் நானே மறந்துவிடுவேன்.

தொண்ணூற்றிரண்டு. ஊரில் கறன்ற் இல்லாமல் இரண்டு வருடம். என்னிடம் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும், இருமி இருமித்தான் ஓடும். பெர்னடெட் பாசையூர்ப் பெட்டை. அவளுடைய சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர், எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய ஒரு வீடியோ கசெற்றை அவளிடம் கொடுத்திருந்தார். அவளிடம் கசெற், என்னிடம் ஜெனரேற்றர். அவ்வளவுதான் பழக்கம் – என்று வீட்டில் சொன்னேன்.

பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்துப் படம் பிடித்திருந்தார்கள். என்ன பாஷை என்று ஒருவருக்கும் தெரியாது. அரியாலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், யன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, மத்தியானத்தில் பிள்ளைகளை இருத்தி வைத்துக் காட்டினோம். ரீவிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். படத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்களே கதைத்தோம். அதில் வந்த மிருகத்தை நான் மரநாய் என்றேன். அதற்கு நான் குரல்; கூட வந்த தாராவுக்கு, அந்த வீட்டு வாத்துக்கு, அவள். பதினொரு தரம் காட்டினோம். பதினொன்றாவது முடிந்து ஒரு கிழமையில் அவளுடைய வீட்டார் கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள். பிறகு பிரான்ஸ்.

ஜனவரி 12, ஞாயிறு

நிவேதனா மடிக்கணினியோடு வந்தாள். படம் பார்த்தோம். அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. அவள் வாசித்துச் சொன்னாள்.

வெட்கக்கேடு. அது மரநாயே இல்லை. மண்ணுக்குள் வளை தோண்டி இருக்கும், முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஏதோ குளிர்நாட்டுப் பிராணி. தாராவும் தாரா இல்லை, காட்டு வாத்து. அந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் வாசித்து வளரும் புத்தகமாம், அதைத்தான் படமாக்கினார்களாம். நாங்கள் செய்த கூத்து அவர்களுக்குத் தெரிந்தால் வழக்குப் போடுவார்கள்.

பனி கொட்டும் கட்டம் வந்தது. அதை நாங்கள் என்ன சொன்னோம்? செம்மணி உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வெள்ளையாகக் கிடந்தால் அது உப்புத்தான். "உப்பு விளைஞ்சிட்டுது! தாரா, சாக்கைக் கொண்டா!" என்று நான் கத்துவேன். நிவேதனா அதை இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். தன் மகள் முதல்முதல் பனியைப் படத்தில் பார்த்து என்னவென்று கேட்டபோது, யோசிக்காமல் உப்பு என்று சொல்லிவிட்டாளாம்.

இன்னொன்று. மரநாய் சும்மா நிற்கும்போதும் அதன் மயிர் துடித்துக்கொண்டே இருக்கும். காற்று என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். காற்றில்லையாம், படத்தைப் பற்றி இன்ரநெற்றில் இருந்ததை வாசித்துச் சொன்னாள். ஒவ்வொரு தரமும் பொம்மையை அசைக்கிறவர்களின் விரல் படுகிறதாம், அதுதானாம். இதை வாசித்தபோது அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

கதை இதுதான்: சிறகு முறிந்த தாரா ஒரு கோடை முழுக்க மரநாயின் வளையில் இருக்கிறது. சிறகு சுகமாகிறது. பனி வருகிறது. பறக்காவிட்டால் செத்துப்போகும். பறக்கிறது.

கடைசியில் இரண்டும் வளை வாசலில் பனிக்குள் நிற்கும். எழுத்து ஓடவில்லை. தாராவின் வாய் அசையவே இல்லை. மரநாயும் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுத் தாரா போய்விடுகிறது.

"உதிலை நாங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை," என்றேன்.

"இல்லை மாமா. கடைசித்தரம் கதைச்சனீங்கள். நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள்."

"என்ன கதைச்சனாங்கள்?"

அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. அந்தக் கட்டம் வரும்போது மண்ணெண்ணெய் முடியுந்தறுவாயாக இருக்கும்; நான் யன்னலால் தலையை நீட்டி ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். படத்தின் அந்த இடத்தை நான் இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 13

வாய் அசையாத இடத்தில் அவள் என்ன சொன்னாள்?

ஜனவரி 14, பொங்கல்

ஒரு வழி இருக்கிறது. பொங்கிப் படைத்து முடிந்தபின், வீட்டில் என்னோடு இருக்கிற அக்காவிடம் மெதுவாகக் கதையை எடுத்தேன்.

அந்த நாளில் அக்கா, ஜேர்மனியில் இருந்த அத்தானுக்குக் கடிதம் எழுதுவதில்லை. கசெற்றில் பேசி அனுப்புவா. அவர் கேட்டுவிட்டு, அதே கசெற்றில் தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். ஊரில் எல்லோரும் அப்படித்தான், கசெற்றுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. கடைசித்தரம் படம் காட்டியபோது அக்கா ரீவிக்குப் பக்கத்தில் ரேப் ரெக்கோடரை வைத்து, அத்தானும் கேட்கட்டும் என்று முழுவதையும் பதிந்தா. அது எனக்கு நல்ல நினைவு.

"அந்தக் கசெற் இருக்கோ அக்கா?"

"இருக்கு. உன்ரை அத்தான் அதுக்கு மேலை பதிஞ்சுதானே அனுப்பினவர்."

"முழுக்கவோ?"

"எனக்கென்ன தெரியும். அவர் போய் ஆறு வருசமாப் போச்சு, நான் ஒண்டையும் போட்டுக் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். நீயும் தொடாதை. உந்தப் பழைய ரேப் நாடாவைத் திண்டிடும். பிறகு அந்த மனுசன்ரை குரலுக்கு நான் எங்கை போறது?"

பொங்கல் ஆறிப்போனது.

ஜனவரி 16

அக்கா கதைக்கிறா இல்லை. நானும்தான்.

ஜனவரி 18

மோட்டர் வேலையை ஒதுக்கிவிட்டு பழைய ரேப்பைக் கழற்றினேன். உள்ளே சுழலும் ரப்பர் பட்டி உருகிக் களியாகிக் கிடந்தது. புதுப்பட்டி போட்டேன். நாடா உரசும் தலையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கோயில் பாட்டுக் கசெற்கள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றையும் தின்னவில்லை. நான்காவது தரம் போட்டபோது அக்கா குசினி வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டா. "உதுதான். பாத்து."

அத்தானின் குரல். "மீனா, இஞ்சை சரியான பனி. சப்பாத்துக்குள்ளை எல்லாம் போகுது. நீ சாப்பிட்டனியோ..." அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டா. அவர் பனியைப் பற்றி, வேலையைப் பற்றி, பாண் கடையில் நடந்த பகிடி ஒன்றைப் பற்றி... போய்க்கொண்டே இருந்தார். படத்தை எல்லாம் அழித்துத்தான்விட்டார் என்று நினைத்தேன். செத்த மனிதர் மேல் கோபம்கூட வந்தது.

திடீரென்று 'கிளிக்'. பேச இனி ஒன்றும் இல்லாமல் நிற்பாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு எங்கள் விறாந்தை. ஜெனரேற்றர் இருமுகிறது. பிள்ளைகள் இருமுகிறார்கள்.

பெர்னடெட்டின் குரல். இருபது வயதுக் குரல். தாராவுக்கு அவள் மூக்கால் கதைப்பாள். இதில் மூக்கு இல்லை.

"மரநாயார், நான் போறன். போகாதை எண்டு நீங்கள் ஒருக்காச் சொன்னால் நிப்பன்."

கொஞ்சநேரம் ஜெனரேற்றர் சத்தம் மட்டும்.

பிறகு தூரத்திலிருந்து, யன்னல் பக்கமிருந்து, நான்: "போ, போ! கெதியாப் போ! உப்புக்குள்ளை நிண்டால் கால் வெடிச்சுப் போம்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நாடா முடிந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தா. "எட, விசரா," என்றா.

ஜனவரி 20

எங்கள் ஊரில் படலை தாண்டுகிறவன் 'போறன்' என்று சொல்வானா? 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருவதாகத்தான் சொல்வான். செத்தவீட்டில் அதையும் சொல்லாமல் எழும்பிப் போவோம். இது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதானே 'போறன்' என்றாள். அந்த ஒரு சொல்லையாவது நான் கேட்டிருக்க வேண்டாமா? என்ரை காது எங்கை நிண்டது – மண்ணெண்ணெயிலை நிண்டது. அரைப்போத்தல் மண்ணெண்ணெய். அவள் வேதம், மாதா கோயில்காரி; நான் சைவம், வீட்டில் விடமாட்டார்கள் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். வீட்டிடம் நான் எப்போது கேட்டேன்? அவளே கேட்டிருக்கிறாள், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால். நான் பகிடி விட்டிருக்கிறேன்.

நான் கலியாணம் கட்டாமல் இருந்தது அவளால் இல்லை.

மேலே எழுதிய வரி பொய்.

ஜனவரி 27

நிவேதனா கசெற்றைத் தன் போனில் ஏற்றித் தந்தாள். அக்காவுக்கு அந்தக் 'கிளிக்' வரையும் போதும். எனக்கு அதிலிருந்து. ஒரே போன், ஒருவர் மாறி ஒருவர் கேட்கிறோம். நிவேதனா கேட்டுவிட்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. அவளுக்கும் நாற்பத்தொரு வயதுதானே.

ஆனால் தாராவுக்குக் குரல் வேண்டுமாம். தான் சொன்னால் சரிவராதாம். "பெர்னடெட் அக்காவைக் கேளுங்கோ மாமா."

பெப்ரவரி 1

பாசையூரில் லெனாட்டிடம் போய் அவளுடைய போன் இலக்கம் வாங்கினேன். பெர்னடெட்டின் ஒன்றுவிட்ட தம்பி அவன். பாரிசுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாளாம். கணவர், இரண்டு பெடியங்கள், மூத்தவனுக்குக் கலியாணமும் முடிந்துவிட்டதாம். நல்லது. உண்மையாகத்தான் எழுதுகிறேன், நல்லது.

அவளைத் திரும்பப் பெறுவதற்கு என்ன இருக்கிறது. அன்றைக்கு அவள் கேட்டது எனக்குக் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் செத்துப்போனால் வேகாது இந்தக் கட்டை.

பெப்ரவரி 2, 3, 4

நான் போன் எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை. இலக்கத்தை அழுத்திவிட்டு வெட்டினேன்.

பெப்ரவரி 5, புதன்

அவளே திருப்பி எடுத்துவிட்டாள். "ஆர் இது, எடுத்துப்போட்டு வெட்டுறது?"

"நான்... அரியாலையிலையிருந்து. கோகுலன்."

ஒரு பெரிய சிரிப்பு. "மரநாயாரோ!"

அதன்பின் எல்லாம் சுலபமாக வந்தது. படம் கிடைத்ததைச் சொன்னேன், அது மரநாயே இல்லை என்பதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினாள். போனிலிருந்தே தாராவாகக் கதைக்கச் சம்மதித்தாள். அங்கே காலை பத்துமணியாக இருக்குமாம், வேலைக்கு லீவு போடுகிறாளாம். வசனங்கள் பாதிக்கு மேல் அவளுக்குப் பாடம். என்னைவிட.

கசெற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எத்தனை தரம் ஒத்திகை பார்த்திருந்தேன்! கடைசியில் அவளே கேட்டாள்:

"முடியிற இடத்திலை என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அதிலை தாராவின்ரை வாய் அசையிறேல்லை. நான் இப்பத்தான் கண்டனான்."

"அது எனக்கு அப்பவே தெரியும், கோகுலன்," என்றாள்.

பிறகு மருமகளைப் பற்றிக் கதைத்தாள்.

பெப்ரவரி 28, வெள்ளி

பள்ளிக்கூட மண்டபம். யன்னலுக்குப் போர்வை கட்ட நானே போனேன். துணி போதவில்லை, அக்கா தன் சீலை இரண்டைத் தந்தா. அறுபது பிள்ளைகள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரை, கதிரையில் ஸ்பீக்கர், அதற்குள் பெர்னடெட். இந்தப் பக்கம் நான்.

அவள் குரல் தடித்துவிட்டது. ஆனால் மூக்கால் கதைத்தாள், அப்படியே. போனில் வருவதால் ஒவ்வொரு வசனமும் கொஞ்சம் பிந்தி வந்தது. தாரா வாயை மூடிய பிறகுதான் கதைத்தது. பிள்ளைகளுக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. "உப்பு விளைஞ்சிட்டுது!" என்று நான் கத்த, ஒரு பெடியன் எழும்பி, "மாமா, உது ஸ்நோ!" என்று திருத்தினான். நிவேதனா பின்னால் நின்று கண்ணைத் துடைத்தாள்.

கடைசிக் கட்டம் வந்தது. வளை வாசல். இரண்டும் நிற்கின்றன. மயிர் துடிக்கிறது. பேசாமல் இருப்போம் என்றுதான் பேசி வைத்திருந்தோம். ஸ்பீக்கரும் பேசவில்லை. கவனிக்க ஜெனரேற்றரும் இல்லை. நான் தாராவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாரா சிறகை விரித்தது.

"போகாதை," என்றேன்.

மரநாயின் குரலில் சொல்லத்தான் நினைத்தேன். என் குரலில் வந்துவிட்டது.

படம் நிற்குமா? தாரா பறந்து மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப்பெட்டை எனக்காக இரங்கிச் சொன்னாள்: "மாமா, அது பறந்து போட்டுது."

"ஓம் பிள்ளை. தெரியும்," என்றேன்.

அப்போதுதான், பிந்தி, ஸ்பீக்கரில் வந்தது. மூக்கால் இல்லை.

"கேட்டுது."

மார்ச் 3, திங்கள்

பெரிய மோட்டர் ஒன்று, தோட்டத்துக்கு இறைக்கிறது. மூன்று நாள் எடுக்கும்.

பெர்னடெட் போனில் பேசி அனுப்பியிருக்கிறாள், நான்கு நிமிடம். "கசெற் மாதிரித்தான்," என்றா அக்கா. இதற்கு மேலே பதிந்து அழிக்கத் தேவையில்லை, அது ஒரு நிம்மதி. அங்கே இன்னும் குளிராம். மூட்டு வலியாம். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறதாம், அதற்கும் தாராக் கதை சொல்ல வேண்டுமாம், எந்தப் பாஷையில் என்றுதான் தெரியவில்லையாம். அன்றைய கதை ஒன்றும் அதில் இல்லை.

முடியும்போது மட்டும், "சரி கோகுலன், போட்டு வாறன்," என்றாள்.

இரண்டு தரம் கேட்டேன். பிறகு கம்பி சுற்றப் போனேன்.