எதிர் வீட்டுக்கு ஒரு கார்டு

*(கார்டு)*

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
4-4-1974

எதிர் வீட்டில் இருக்கும் தம்பி குமாரசாமிக்கு, அண்ணன் பஞ்சாட்சரம் எழுதுவது.

இங்கு நானும் உன் அண்ணியும் நலம். நீ நலமாக இருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது, கேட்கவில்லை. பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் லாரி தெருவுக்குள் நுழைய வேண்டும் என்று உன் பக்கத்துப் புங்க மரங்களைத் தை மாதம் வெட்டினாய். நெசவாளர் சங்கத்துச் செயலாளர் நீ, கையெழுத்து உன்னுடையது. நட்டவர் நம் அப்பா. இன்று காலை நம் தெரு நெசவாளி வேலாயுதம் தறிக்கு ஏற்ற வேண்டிய பாவு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டினான். பட்டு இழைக்குக் கஞ்சி பூசி முடிப்பதற்குள் வெயில் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மேல்காற்று வேறு. இழை பட்பட்டென்று அறுந்தது. அவன் பெண்டாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே உன்னைத் திட்டினாள். நீ லாரியைக் கழுவிக்கொண்டிருந்தாய், கிணறு வற்றிக் கிடக்கிற இந்தக் காலத்தில்.

என் பக்கத்து மரங்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் கை வைத்தால் அண்ணன் தம்பி என்பது முடிந்தது.

இப்படிக்கு
பஞ்சாட்சரம்

*(இன்லண்டு)*

பிள்ளையார்பாளையம்
8-4-1974

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, குமாரசாமி வணங்கி எழுதுவது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், திறந்த கார்டில் எழுதாதீர்கள், இதுபோல ஒட்டிய இன்லண்டில் எழுதுங்கள். தபால்காரர் அந்தோணி அதை டீக்கடையில் நின்று படித்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறார். "இன்னாபா, உங்க அண்ணன் இந்த வாட்டி ரொம்ப சூடா எழுதிக்கீறாரு" என்று சிரிக்கிறார். தெருவைத் தாண்டி வந்து நாலு அறை அறையுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மழை பொய்த்தது நம் தெருவில் மட்டுமா? ஏனாத்தூரில் இல்லை, மெட்ராசிலும் இல்லை. அங்கெல்லாம் நானா மரம் வெட்டினேன்? சாயப் பட்டறைகளுக்கு விறகு கொண்டுவருவது என் லாரிதான். உங்கள் தறியில் ஏறும் பட்டும் அந்த அடுப்பில் வெந்ததுதான். உங்கள் பக்கத்து மரங்களும் போனால்தான் லாரி திரும்ப முடியும். சங்கத்தில் பெரும்பாலோர் சரி என்கிறார்கள்.

ஒரு தெருவின் மரத்தால் உலகம் குளிர்ந்துவிடாது, அண்ணா.

தங்கள் தம்பி
குமாரசாமி

*(கார்டு)*

பிள்ளையார்பாளையம்
15-4-1974

தம்பிக்கு,

கார்டில்தான் எழுதுவேன். அந்தோணி படிக்கட்டும், டீக்கடை கேட்கட்டும்.

ஒரு தெருவால் என்ன ஆகும் என்கிறாய். ஏனாத்தூரில் வெட்டியவனும் இதையேதான் சொன்னான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் தறியில் உட்கார்ந்துதான். படிப்பகத்தில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிலக்கரி, டீசல், விறகு எரிந்த கரியமிலவாயு வானத்திலேயே தங்கிவிடுகிறதாம். கம்பளி போர்த்தியதுபோலப் பூமியின் சூட்டை வெளியே விடாதாம். இந்த வருஷத்து வறட்சி அதனால்தானா என்று அதில் போடவில்லை. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாயுவைத் தின்று வளர்வது மரம் என்று போட்டிருக்கிறது. அதைத் தின்கிற மரத்தை வெட்டிவிட்டு, கக்குகிற லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய் நீ.

பட்டறைக்கு ஓர் அடுப்பு தனித்தனியாக எரிகிறது. முறை வைத்து ஒரே அடுப்பில் காய்ச்சினால் பாதி விறகு மிச்சம். லாரி முனையில் நிற்கட்டும், மாட்டு வண்டி உள்ளே வரட்டும். வெட்டிய இடத்தில் கன்று வை. செயலாளர் என்றால் இதைச் செய்.

மாகறலில் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போகிறோம். வருவதற்குள் கோடரி இறங்கக் கூடாது.

பஞ்சாட்சரம்

*(இன்லண்டு, மாகறல் முகவரிக்கு)*

பிள்ளையார்பாளையம்
23-4-1974

அண்ணா,

நீங்கள் வந்து பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று வெட்டிவிட்டோம். நீங்கள் இருந்தால் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஆட்கள் உங்கள்மேல் கை வைத்து இழுப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் வாசல் மரத்தை மட்டும் விடச் சொன்னேன். சங்கத்தில் சண்டை போட்டு வாங்கினேன். உங்களுக்கு நிழல் குறையாது. அடுப்பு விஷயத்தைப் பட்டறைக்காரர்களிடம் சொன்னேன், சிரித்தார்கள்.

மனம் ஆற வேண்டும்.

குமாரசாமி

*(இன்லண்டு)*

பிள்ளையார்பாளையம்
20-7-1974

குமாரசாமிக்கு,

இதுவரை ஊருக்குத் தெரியட்டும் என்று கார்டில் எழுதினேன். இனித் தெரிய என்ன இருக்கிறது? தெரு முழுக்க வெயில் கிடக்கிறது. அதனால் ஒட்டி அனுப்புகிறேன்.

என் வாசல் மரத்தை விட்டுவைத்தாயே, தெரு நீளத்துக்குப் போகும் பாவு ஒரு மரத்து நிழலில் அடங்குமா? எனக்கு மட்டும் நிழல் வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? அதையும் வெட்டியிருந்தால் உன்னைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். விட்டுவைத்து என்னையும் உன் கூட்டாளி ஆக்கிவிட்டாய். "இன்னா மாமா, உங்க தம்பி உங்களுக்கு மட்டும் குடை புடிச்சிட்டாரு" என்கிறாள் வேலாயுதத்தின் பெண்டாட்டி.

அந்த மரத்துக் காய்களை உடைத்து, நீ வெட்டிய இடங்களில் எல்லாம் விதை போட்டேன். இப்போது சாண் உயரம் நிற்கிறது. உன் வாசலிலும் ஒன்று. லாரியைப் பின்னால் எடுக்கும்போது பார்த்து எடு. விடியலில் குடத்தோடு நான் வருவதை நீ கதவிடுக்கில் பார்ப்பது எனக்குத் தெரியும். உன் வீட்டுக்கு வந்தேன் என்று எண்ணாதே. கன்றுக்கு வந்தேன்.

அதன் நிழலில் பாவு நீட்ட ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை உன்னோடு பேச்சில்லை. அதற்குள் போய்விடுவேன் என்று நினைக்காதே, கோபக்காரனுக்கு ஆயுசு கெட்டி.

நேற்று நான் வந்தபோது உன் வாசல் கன்றின் அடியில் ஏற்கெனவே ஈரம் இருந்தது. யார் ஊற்றியது என்று நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு பேர் ஊற்றினால் வேர் அழுகும், தண்ணீரும் வீண். செவ்வாய், வெள்ளி நான். மற்ற நாள் நீ.

பதில் எழுத வேண்டாம். மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பஞ்சாட்சரம்