வாத்தியார் பக்கத்து பிரேக்

இயேசு மரி சூசை

மன்னார்குடி
11-10-2007, வியாழன்

அன்பு மகள் சான்ட்ராவுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், நல்லா இருக்கேன்ப்பா என்று மூன்று தடவை சொன்னாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இங்கே குறுவை அறுப்பு முடியும் நேரம். கோட்டூர் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டுச் சுற்றிலும் கல் வைத்துவிட்டார்கள். மானம் இருட்டுகிறது, மழை வருமா என்று எல்லோரும் கழுத்து சுளுக்க மேலே பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். எல் போர்டு வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று நம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். அந்தக் காலை வைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். எதற்கென்று கேட்டால், சும்மாத்தான் என்கிறாள். உன் அம்மா சவரியம்மாள் சும்மா எதையும் வேண்டிக்கொள்கிறவள் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று அப்போதே பிடித்துவிட்டேன்.

இதைப் போனில் பேச முடியாது. போன் இருக்கிற இடத்தில் அம்மாவும் இருப்பாள். தபாலில் போட்டால் நீ கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் வந்து சேரும். அதனால் கையால் எழுதி, நெய்னா முகம்மதின் கம்ப்யூட்டர் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லப் போகிறேன். படிக்காமல் அனுப்பு என்றால், படிக்க எனக்கு நேரமேது மாமா என்பான். எந்த வீட்டில் யாருக்கு எந்த தேசத்திலிருந்து என்ன சேதி வந்தது என்பதெல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். படிக்கட்டும். எழுதாமல் இருப்பதைவிட அது மேல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ சொன்னதையும், அப்புறம் அம்மாவைத் துருவிக் கேட்டதையும் வைத்து நான் புரிந்துகொண்டது இது. தப்பாக இருந்தால் திருத்து. போன வெள்ளிக்கிழமை உனக்கு, வெளியே பார்க்காமல் மீட்டர்களை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுகிற பயிற்சி. வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல உன் தலையில் ஒரு மறைப்பு மாட்டியிருந்தது. முன்னாலிருக்கும் முள்ளும் எண்ணும் தவிர வானம், தரை எதுவும் உனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் வாத்தியார் பிரையன்தான் உனக்கும் சேர்த்து வெளியே பார்க்க வேண்டும். அவன் திருப்பு என்றால் திருப்ப வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். அப்படிப் போகும்போது ராணுவத்துக்கு ஒதுக்கிய வானத்துக்குள் இரண்டு மைல் நுழைந்துவிட்டீர்கள். ரேடியோவில் கூப்பிட்டு, இறங்கியதும் இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பிரையன் ஒரு வாக்குமூலம் தயார் செய்திருக்கிறான். அவன் சரியான நேரத்தில் திரும்பச் சொன்னதாகவும், நீதான் காதில் வாங்காமல் நேரே போனதாகவும். நீ அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவன் வேலை தப்பும். உன் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழும், ஆனால் மாணவிதானே, பெரிதாக ஒன்றும் ஆகாது என்கிறான்.

இதில் எதையெல்லாம் நான் நம்பவில்லை என்று சொல்கிறேன்.

அம்மாவிடம் நீ என்ன சொன்னாய்? பிரையன் குனிந்து அந்த ஜிபிஎஸ் பெட்டியில் எதையோ அமுக்கிக்கொண்டே இருந்தான் என்று. என்னிடம் என்ன சொன்னாய்? அவரு வெளியிலதான்ப்பா பாத்துக்கிட்டிருந்தாரு என்று. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே போன், இரண்டு கதை. கண்ணை மறைத்துக்கொண்டிருந்த உனக்கு அவன் வெளியே பார்த்தது எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பெட்டி மீட்டர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் அவன் விரல் போனால் உன் கண்ணில் பட்டே தீரும். ஆகவே அம்மாவிடம் சொன்னதுதான் நிஜம். என்னிடம் சொன்னது பிரையன் சொல்லிக்கொடுத்தது. இல்லை என்று சொல், பார்ப்போம்.

மறைப்பைத் தூக்கி நீ திருட்டுத்தனமாக வெளியே பார்த்தாயா என்றும் சந்தேகப்பட்டேன். பார்த்திருந்தால் நீயே திருப்பியிருப்பாய். அதனால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபப்படாதே. அவரு பாவம்ப்பா, ரொம்ப நல்லவரு என்று சொல்லும்போது உன் குரல் குழைந்தது. உனக்கும் அவனுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது வேறு பேச்சு, அம்மாவிடம் பேசிக்கொள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே.

ஊர் பேர் தெரியாத ஒருத்தனை அப்பா இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாரே என்று உனக்குத் தோன்றும். உலகத்தில் யாரையும் நம்பாத ஆள் என்று நீயும் அம்மாவும் என்னைக் கேலி பண்ணுவது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் இவனை நான் சந்தேகப்படவில்லை சான்ட்ரா. இவனை எனக்குத் தெரியும்.

மேலே எழுதியது காலையில். அதன் பிறகு கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வந்தேன். எழுத வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

லோடு ஆட்டோ ஓட்டுகிற இப்ராஹிமை உனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு பிரிட்ஜ் கொண்டுவந்து இறக்கியவர். கூலி வாங்க மாட்டேன் என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றாரே, அவர்தான். 94-இல் அவர் என் மாணவர். இருபத்திரண்டு வயது. குவைத்தில் டிரைவர் வேலைக்கு விசா வந்து கையில் இருந்தது. லைசென்ஸ் மட்டும்தான் பாக்கி. அக்காவுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்தார்கள். குடும்பமே அந்த விசாவைத்தான் நம்பி இருந்தது.

இதே மாதிரி குறுவை அறுப்புக் காலம். கோட்டூர் ரோட்டில் அவர் ஓட்ட, நான் இடது பக்கம். என் காலடியில் வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறதே, அதற்குத்தான் நான் அங்கே உட்காருவது. வளைவு தாண்டினால் ரோட்டில் நெல். எதிரே பஸ். இப்ராஹிம் நெல்லின் மேல் ஏற்றினார், வண்டி வழுக்கியது. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த வைரக்கண்ணு என்கிற அம்மா மேல் இடித்து அவர்களுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். கால் இரண்டும் சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. அந்த பிரேக்கை நான் தொடவே இல்லை.

ஸ்டேஷனில், பிரேக் போடு பிரேக் போடுன்னு கத்துனேன் சார், பையன் பயத்துல கேக்கல என்று சொன்னேன். இப்ராஹிம் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏனென்றால் நான் வாத்தியார். கையெழுத்துக்கு முந்தின நாள் அவர்தான் என்னிடம், உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா ஸ்கூலே போயிடும் மாஸ்டர், எனக்கு ஒண்ணும் ஆவாது என்று சொன்னவர். அவர் வாயில் அதை வரவழைத்தது நான். இப்போது பிரையன் உன் வாயில் வரவழைக்கிறானே, அதே மாதிரி. கேஸ் முடிய மூன்று வருஷம் ஆனது. விசா மூன்றே மாதத்தில் போய்விட்டது. அந்த நிக்காஹும் நின்றது.

இது அம்மாவுக்குத் தெரியாது. பங்குச் சாமியாருக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சில்லறைப் பாவங்களைச் சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. கடைத்தெருவில் என்னை எதிரில் பார்த்தால் இப்ராஹிம் இன்றைக்கும் கைலியை இறக்கிவிட்டு, வாங்க மாஸ்டர் என்கிறார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் சந்து வழியே சுற்றிப் போவேன். இன்று காலையிலும் அப்படித்தான் சுற்றிப் போனேன். வெட்கமாக இருக்கிறது, உனக்கு எழுதும்போது இன்னும் அதிகமாக.

நீ ஏதோ ஒரு படிவத்தைப் பற்றிச் சொன்னாய். நடந்து பத்து நாளுக்குள், தெரியாமல் நடந்துவிட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் தண்டனையைத் தளர்த்துவார்களாம். உண்மையைச் சொல்கிறவனுக்குச் சலுகை காட்டும் சர்க்கார் பூமியில் எங்கேயும் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. அதில் எந்த மூலையில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறதோ, இரண்டு தடவை படித்துப் பார். ஆனாலும் எழுது. திங்கட்கிழமைதான் கடைசி நாள். அவன் தயாரித்ததைப் பார்த்து எழுதாதே. நீ பார்த்ததை மட்டும் எழுது. நீ பார்த்தது முள்ளும் எண்ணும், அந்தப் பெட்டியில் அமுக்கிக்கொண்டிருந்த விரலும். திருப்பு என்று யாரும் சொல்லி உன் காதில் விழவில்லை. அவ்வளவுதான். அவனைத் திட்டி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பிரையனுக்கு வேலை போகலாம். உனக்கு மனசு கஷ்டப்படும், எனக்குத் தெரியும். அவனுக்கு இருபத்தாறு வயது என்றாயே, எழுந்துவிடுவான். எழாவிட்டாலும் பதிமூன்று வருஷம் சந்து வழியே நடக்க வேண்டியிருக்காது. அவன் மேல் உனக்கு நிஜமாகவே இரக்கம் இருந்தால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு சான்ட்ரா. அன்றைக்கு இப்ராஹிம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருந்தால், என் பிழைப்பு போயிருக்கும். போயிருக்கட்டும்.

இதை ஸ்கேன் பண்ணியதும் அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன். என்ன சொல்வேன், அவர் என்ன செய்வார், ஒன்றும் தெரியாது. அவர் அம்மா சைத்தூன் பீவி இன்னும் இருக்கிறார்களாம். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயமாக இருக்கிறது.

ஒவ்வொரு கடிதத்திலும் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதி முடிப்பேன். இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. அம்மா போட்டதாக நினைத்துக்கொள். திங்கட்கிழமை நீ என்ன எழுதிக் கொடுத்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எதைக் கொடுத்தாலும் நீ என் பிள்ளைதான். என்னை மாதிரி பிள்ளையாக மட்டும் ஆகிவிடாதே.

உன் அப்பா,
பெரியநாயகசாமி