நீலம் தெரிகிற பக்கம்

துர்க்கு
6 ஏப்ரல் 1967

அன்புள்ள காலெர்வோ,

உன் பொட்டலம் திங்கட்கிழமை வந்தது. பதினோரு கற்கள். பத்து நலம், ஒன்றுக்கு மட்டும் விளிம்பில் மயிரிழை விரிசல். கவனிக்காமல் அனுப்பினாயா, என் கண் எப்படி இருக்கிறது என்று சோதித்தாயா? பஞ்சுக்குப் பதில் உன் பழைய கம்பளிக் காலுறையில் சுற்றியிருந்தாய். குதிகாலில் பெரிய ஓட்டை. தைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் நாள் முழுக்கக் கண்ணாடிகள் உரசுவது போல் ஒரு சத்தம். வெள்ளியைத் தட்டிக்கொண்டே அதைக் கேட்கிறேன். எங்கே நிறுத்தினேன் என்பதே மறந்துபோகிறது.

ஒரு மோதிரத்துக்குக் கல் வேண்டும். உங்கள் குவாரியின் ஸ்பெக்ட்ரோலைட் கல்தான், திருப்பும்போது உள்ளே நீலம் நன்றாக ஓடுவதாகப் பார். நீள்வட்டம், பதினான்குக்குப் பத்து மில்லிமீட்டர். போட்டுக்கொள்ளப் போகிறவள் இடது கையால் வேலை செய்பவள். கல் தாழ உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எதிலாவது தட்டிக்கொண்டே இருக்கும். அவசரமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சொன்னால் கேட்கவா போகிறாய்.

உன்
சிர்க்கா

யூலமா
15 ஏப்ரல் 1967

என் சிர்க்கா,

காலுறை வந்து சேர்ந்தது. குவாரியில் எங்களுக்குச் சமைக்கிற லெம்பி எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டாள். "ஆறு வருஷமா இங்கேருந்து கல்லு போகுது, அங்கேருந்து காலுறை வருது. ஏம்ப்பா, உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சது பாதிரியாரா, தபால்காரரா?" என்றாள். பட்டாணி சூப்பில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நேற்று ஒரு பெரிய பாறை பிளந்தது. மழையில் நனைந்திருந்த அந்தப் பிளந்த பக்கத்தில் வெயில் பட்டதும் எங்கும் நீலம், அதற்குள் பச்சை, ஓர் ஓரத்தில் செம்பு நிறம். ஓர் அடி தள்ளி நின்றோம், அணைந்துவிட்டது. திரும்பி வந்தோம், இருந்தது. நான்கு பெரிய மனிதர்கள் அரைமணி நேரம் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தோம்.

இலையுதிர் காலத்தில் வருகிறேன். இந்தத் தடவை நிச்சயம். வருடா வருடம் இதையே எழுதுகிறான் என்று முணுமுணுக்காதே. ஒரு கோடைக்கு என்று வந்தவன்தானே நான். பாறை விடவில்லை.

மோதிரத்தைப் பற்றி ஒன்று. இடது கையால் வேலை செய்பவள், தட்டிக்கொண்டே இருக்கும் என்கிறாய். அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும். நான் போட்ட மோதிரத்தை அதனாலேயே கழற்றி ஆணியில் மாட்டி வைப்பாள். இது யாருக்கு, சிர்க்கா?

உன்
காலெர்வோ

துர்க்கு
24 ஏப்ரல் 1967

அன்புள்ள காலெர்வோ,

நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரிந்தேதான் அப்படி எழுதினேனோ என்னவோ. நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மோதிரம் எனக்குத்தான். அவர் பெயர் ரூரிக். நவ்வோ தீவுக்காரர். தீவுகளுக்கிடையே கப்பல்களுக்கு வழிகாட்டி அழைத்துவருகிற வேலை. மனைவி இறந்து பல வருடமாகிறது. "கல்லை நீயே பார்த்து எடுத்துக்கோ" என்றார். வேறு யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. கொடுமையாகத் தோன்றினால் மன்னித்துவிடு.

உன்மேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. நீ குடித்துவிட்டு வந்தவனில்லை, வேறொருத்தியைத் தேடிப் போனவனில்லை. வரவில்லை, அவ்வளவுதான். நானும் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கே வரவில்லை. முதல் மூன்று இலையுதிர் காலமும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். உனக்குச் சொன்னதில்லை.

ரூரிக் ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்கு வந்து நிற்கிறார். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு முதல் நாள் அழுகை வந்தது.

வழக்கறிஞர் கொடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் உன் கையெழுத்து வேண்டும். கல் வெட்ட மனமில்லையென்றால் விட்டுவிடு.

சிர்க்கா

யூலமா
11 ஜூன் 1967

என் சிர்க்கா,

ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுத வரவில்லை.

ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். லப்பேன்ரந்தா ஸ்டேஷன் வரை வந்தேன். மேற்கே, உன் ஊர்ப் பக்கம் போகிற வண்டி வந்து நின்றது. வந்து உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கற்களைப் பற்றித்தான் சொல்ல இருந்தது. வண்டி போய்விட்டது. திரும்பி வந்தபோது லெம்பி கேலி ஒன்றும் செய்யவில்லை. "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல் இத்துடன் இருக்கிறது. மூன்றைக் கெடுத்து நான்காவதில் வந்தது. எதிரே நிற்பவர்களுக்கு நீலம் தெரிகிறபடிதான் வழக்கமாக வெட்டுவோம். இதை அப்படி வெட்டவில்லை. மற்றவர்களுக்கு இது வெறும் சாம்பல் கல். போட்டிருப்பவள் தன் கையைப் பார்க்கும்போது மட்டும் நீலம் எழுந்து வரும். ரூரிக்கிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காலெர்வோ

நவ்வோ
3 அக்டோபர் 1967

அன்புள்ள காலெர்வோ,

தீவின் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. பட்டறையை விட்டு வரமாட்டேன் என்று உன்னிடம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பட்டறையையே படகில் ஏற்றி ஒரே பகலில் இங்கே கொண்டுவந்துவிட்டோம். உன்னிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

ரூரிக் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாம்பலா இருக்கே, உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார். அவரை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினேன். என் தோளில் முகவாயை வைத்துப் பார்த்தார். நீலம் எழுந்தது. "வெட்டினவர் நல்லவர்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் போய், "இனிமேலும் அவர்கிட்டதான் கல்லு வாங்கணுமா, சிர்க்கா?" என்று கேட்டார். கோபமாக இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறு வருடம் நாம் பொட்டலங்களிலேயே குடித்தனம் நடத்திவிட்டோம், காலெர்வோ. அவை போய் வந்துகொண்டிருந்ததால்தான் உன்னால் வராமலிருக்க முடிந்தது. என்னாலும் காத்திருக்க முடிந்தது. உன் கையால் முகவரி எழுதிய பொட்டலத்தை இந்த வீட்டு மேஜையில் வைத்து என்னால் பிரிக்க முடியாது. பிரிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கற்களை இனி வேறொருவரிடம் வாங்கிக்கொள்கிறேன். உன்னுடையவை போல் இருக்காது. இனி அனுப்ப வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம்.

கடல்மேல் மூடுபனி. ரூரிக் ஒரு கப்பலை அழைத்துவரப் போயிருக்கிறார். தபால் படகு கரைக்கு வந்துவிட்டது, மணி அடிக்கிறார்கள். இதைத் திருப்பிப் படிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். படித்தால் கொடுக்க மாட்டேன்.

சிர்க்கா