உன் தரையும் என் உருளைகளும்

அன்பு மகள் கயானோவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு முந்தின நாள் வந்து மழையோடு போய்விடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை, என்னைக் குறை சொல்ல உடம்பில் தெம்பு நிறையவே இருக்கிறது. நீ அந்தக் கோபன்ஹேகன் குளிரில் காது மூடித் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். இங்கே இரண்டு புயல் வந்து போயின, பின்பக்கத் தகரம் ஒன்று பறந்து ஒகபயாஷி வீட்டு முள்ளங்கிப் பாத்தியில் விழுந்தது, நல்லவேளை முள்ளங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. தெற்கே திரும்பும் சூரை மீன் கரைக்கு வந்துவிட்டது, கொழுத்துக் கிடக்கிறது, நேற்று வைக்கோல் தீயில் வாட்டிப் பச்சைப் பூண்டு வைத்துச் சாப்பிட்டோம். நீ இருந்தால் பாதித் தட்டு உன் பக்கம் போயிருக்கும்.

நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் அப்பா பதிலே சொல்லவில்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னாயாம். அருங்காட்சியகத்தில் கருணைத் தெய்வம் கன்னோன் சிலையின் கையிலிருந்த தாமரை மொட்டு ஏன் விழுந்தது என்பது ஒன்று. ஹென்ரிக் உன்னைத் தன் கம்பெனியில் பங்காளியாகச் சேரச் சொல்கிறார், சேர்ந்தால் ஊருக்குத் திரும்பி என் ஆபீஸை எடுத்து நடத்துவது என்பது இனி இல்லை, சேரட்டுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பின்னால் நின்று வரிக்கு வரி திருத்துவாள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ஹென்ரிக் மேல் எனக்குப் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல. போன வருஷம் கட்டிடக்கலைப் பத்திரிகையில் உன் பேட்டி வந்ததே, ஒரு பொருளைப் பாதுகாப்பது என்றால் அது அசைய இடம் விடுவது, இதை நான் ஹென்ரிக்கிடம் கற்றேன் என்று சொல்லியிருந்தாயே, அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் வயிற்றை விட்டு இறங்கவில்லை. அருங்காட்சியகத்துக்குப் பெட்டியும் தாங்கிகளும் வடிவமைத்தே நான் தலை நரைத்தவன். ஜாடியையும் சிலையையும் தூண்டில் நரம்பால் கட்டும்போது இறுக்காதே, மூச்சுவிட இடம் கொடு என்று உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னது யார்? நிலநடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாத தேசத்து மனுஷர், அவர் ஊரில் தேநீர்க் கோப்பை ஆடினால் பஸ் போகிறது என்று நினைப்பார்கள், அவர் உனக்குச் சொல்லிக் கொடுத்தாராம். ஸ்டேஷன் கடையில் இருந்த அத்தனை பிரதிகளையும் நானே வாங்கிவிட்டேன். மகள் பேட்டியை ஊருக்கெல்லாம் கொடுக்கப் போகிறான் என்று கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஊரில் ஒருத்தரும் படிக்கக்கூடாது என்றுதான் வாங்கினேன், இன்னமும் கட்டோடு பரண்மேல் இருக்கிறது.

அம்மா அன்றைக்கே சொன்னாள், “வெளியாள் முன்னாடி சொந்த அப்பாவ யாராவது புகழ்வாங்களா? ஊரு சிரிக்காது? அவ மரியாத தெரிஞ்ச பொண்ணு. மத்த ஆம்பிளைங்க மாப்பிள்ளைய பாத்து வயிறு எரிவாங்க, உங்களுக்கு அவ மொதலாளியப் பாத்து எரியுது.” நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் வசந்தக் கடைசியில் அவரே வந்து இறங்கினார். நம் ஊர் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் கட்டிய கட்டிடம் கான்கிரீட்டின் காரவாடை போக இரண்டு கோடை சும்மா கிடந்து ஆறி, பெட்டிகள் வைக்கும் வேலை ஆரம்பித்த சமயம். பெட்டி வேலை நம் ஆபீஸுக்கு வந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது, அப்பா பெட்டி, மகள் கட்டிடம் என்று. வந்த மனுஷரிடம் ஏதாவது குறை கிடைக்குமா என்று நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். செருப்பைச் சரியாகக் கழற்றி வாசல் பக்கம் திருப்பி வைத்தார். பூண்டை முழுசாகக் கடித்துச் சாப்பிட்டார். தனக்கு நீட்டிய கிண்ணத்து மதுவைக் குடித்துவிட்டு, நம் வழக்கப்படி அதே கிண்ணத்தில் கொடுத்தவருக்கே திருப்பி ஊற்றினார், இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது, நீதானே? கோயில் குரு அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பாடினார், என் தோளில் அவர் ஒரு நாளும் கை போட்டதில்லை. உன் அம்மா யூஸு பழ ஜாம் ஒரு புட்டி கட்டிக் கொடுத்தாள், ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நான் மூலையில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன மறுவாரம் உன் மின்னஞ்சல் வந்தது. கட்டிடமே நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர் கால்கள் மேல் நிற்கிறது, ஆகவே கண்ணாடிப் பெட்டிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள், அடியில், குலுங்கும்போது உருண்டுகொடுக்கும் உங்கள் உருளை மேடை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கீழே நகல் ஹென்ரிக்குக்கு என்று இருந்தது. அதுதான் என் கண்ணை உறுத்தியது. இது என் மகள் எழுதியதல்ல, அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன். வரைபடம் முழுக்க அவர் கம்பெனி முத்திரை. டென்மார்க்காரர் போட்ட ரப்பர் காலை நம்பி கோயில் கன்னோனை நிற்க வைப்பதா, கடலுக்குப் போன நம் ஊர் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட சிலை. கன்னோன் பெட்டிக்கு அடியில் மட்டும், வெளித்தெரியாமல் அடிப்பலகைக்குள், என் உருளை மேடையை வைத்துவிட்டேன். சாதாரணக் கட்டிடத்தில் அது எத்தனை ஜாடிகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று உனக்கே தெரியும். ரப்பர் கால் மேல் நிற்கும் கட்டிடத்தில் அதை வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை வயிற்றெரிச்சல் மறைத்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால், பிற்பகலில், தூரக் கடலில் நிலநடுக்கம். ஊரில் ஓடுகூடச் சரியவில்லை, உன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தாள். அருங்காட்சியகத்தில் ரப்பர் கால்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன, கட்டிடம் மெதுவாக, படகு போல, இப்படியும் அப்படியும் போனது. என் உருளை மேடை வெடுக்கென்று வரும் குலுக்கலுக்குச் செய்தது, அதற்கு அந்த மெதுவான ஆட்டம் ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளிவிடுவது போல ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெட்டி இன்னும் கொஞ்சம் அதிகமாக ஓடி, கடைசியில் ஓரத்தில் போய் இடித்தது. காப்பாளர் ஒகபயாஷி ஓடிவந்து பார்த்தபோது கன்னோன் சாய்ந்து நிற்கிறாள், தூண்டில் நரம்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, மொட்டு கீழே கிடக்கிறது. எப்போதோ ஒரு முறை ஒட்டிய மொட்டுதான், திரும்ப ஒட்டிவிடலாம் என்று நாராவிலிருந்து சிலையைப் பழுதுபார்க்க வந்த ஆள் சொல்லிவிட்டார்.

இனி எழுதப்போவது நன்றாக இருக்காது. ஊர் இரண்டாகப் பேசியது. என் பெயரைச் சொல்லி, சிகமோரி கட்டிய நரம்புதான் சிலையைக் காப்பாற்றியது என்று ஒரு பேச்சு. மற்ற பெட்டிகள் அசையவில்லையே, அந்த இடத்தில் டென்மார்க்காரர் தரைதான் கோளாறு என்று இன்னொரு பேச்சு. ஊராட்சித் துணைத்தலைவர் ஹிரோதா, ஆரம்பத்திலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனி வேண்டாம் என்றவர், தரையைப் பரிசோதிக்கும்வரை கட்டிடத்தை மூடவேண்டும், அந்தக் கம்பெனிக்கு இனி இந்த மாவட்டத்தில் வேலை கொடுக்கக்கூடாது என்று ஊர்க் கூட்டத்துக்கு நாள் குறித்தார். என்னைப் பார்க்கிற இடத்தில் எல்லாம், நிலம் ஆடாத ஊர்க்காரனுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார். எனக்குக் காதில் தேன் ஊற்றியது போல இருந்தது, கயானோ. காரணம் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நான், வாயை மூடிக்கொண்டு அவர் சிரிப்புக்குத் தலையாட்டினேன். உன் கேள்வி வந்தபோதும் அதனால்தான் பதில் எழுதவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஹென்ரிக் போன் செய்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் சேர்ந்து நொண்டி நொண்டித்தான் நடந்தன. தரையில் தப்பு இருந்தால் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை, தரை போட்டவர் வந்து கேட்கத்தான் வேண்டும் என்றேன். அப்புறம் அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். “அந்தத் தரை என்னோடது இல்ல சிகமோரி-சான். பெட்டிக்கு அடியில உருளை வைக்கணும்னுதான் நானும் சொன்னேன். உங்க பொண்ணு விடல. வசந்தம் முழுக்க எங்கிட்ட சண்ட போட்டா. அவ பேச்ச அப்படியே சொல்றேன், ரெண்டு பேர் சேந்து தாங்குனா பொருள் விழும், சைக்கிள் கத்துக்கும்போது எங்க அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் புடிச்சாங்க, நான் விழுந்தேன், ஒரு ஆள் புடிச்சா போதும்னு எங்க அப்பா அன்னிக்கே கைய எடுத்துட்டாரு, வேணும்னா அவரக் கேட்டுப் பாருங்கன்னா. எதுக்கெடுத்தாலும் எங்க அப்பா, எங்க அப்பா. எனக்குக் காது புளிச்சுப்போச்சு. அந்த அப்பா யாருன்னு பாத்துட்டு வரணும்னுதான் அவ்வளவு தூரம் வந்தேன். வந்தா நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.”

எனக்குச் சைக்கிள் ஞாபகமே இல்லை. போனை வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், கோயில் சரிவில் என்றாள், உன் முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கும் என்றாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது உன் பெயரை. நான் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து, தரையில் ஒரு குற்றமும் இல்லை, வேண்டாம் என்று எழுதிச் சொன்னதற்குப் பிறகும் உருளை வைத்தவன் நான் என்றேன். யாரும் நம்பவில்லை. ஹிரோதா பரிதாபமாகப் பார்த்து, “பொண்ணக் காப்பாத்தப் பழிய நீ ஏத்துக்கிறியா சிகமோரி, பெத்த மனசு” என்கிறார். தலை குனிந்து கும்பிட்டுப் பார்த்தேன், அதையும் பெற்ற மனசு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். சரி வாருங்கள் என்று எல்லோரையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், கன்னோன் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, அடிப்பலகையை நானே ஸ்பானர் வைத்துக் கழற்றினேன். உருளைகள் தெரிந்ததும் எல்லோரும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். என் ஆபீஸ் பெயர் பொறித்த தகடு வேறு அதில் பளபளவென்று இருந்தது. கோயில் குரு குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாகச் செய்ததை ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டார், ஒகபயாஷிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூக்கு உடைபட்டது உடைபட்டதுதான். கட்டிடத்தை மூடவில்லை, உன் கம்பெனிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, மொட்டு ஒட்டும் செலவு என்னுடையது. உருளை மேடையை எடுத்துவிட்டு, நீ சொன்னபடியே பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினேன். கன்னோன் இப்போது உன் தரைமேல் நிற்கிறாள். நரம்பு மட்டும் என்னுடையது, அதை அவிழ்க்கச் சொன்னால் சண்டைக்கு வருவேன்.

இனி உன் இரண்டாவது கேள்வி. பங்காளியாகச் சேர். இதை எழுத மூன்று காகிதம் கிழித்தேன். நீ வருவாய் என்று வாசல் பக்கத்து மேஜையைக் காலியாக வைத்திருந்தேன், வெளிச்சம் நன்றாக விழும் மேஜை. அதில் இனி காகிதக் கட்டு வைத்துக்கொள்கிறேன். நீ நாள் முழுக்கச் சண்டை போடுவதையும் ஜெயிப்பதையும் அந்த மனுஷர் பார்க்கிறார், நான் பத்திரிகையில் படிக்கிறேன், அதை நினைத்தால் இந்த நிமிஷமும் எரிகிறது. ஒரு ஆள் பிடித்தால் போதும் என்று சொன்னவன் நான்தானாம். அந்த ஆள் நானாக இருப்பேன் என்று நினைத்துச் சொல்லியிருப்பேன்.

குளிருக்கு முன்னால் ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொள். பச்சைக் காய்கறி சாப்பிடு. கன்னோன் உன்னை எப்போதும் பார்த்துக்கொள்வாள், உன் தரையில் நிற்கிறவள், அந்த நன்றி இருக்கும். புத்தாண்டுக்கு ஊருக்கு வா, தேவையானால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, ஒரு வார்த்தை பேசுகிறேன். ஞாபகமாக ஒன்று, அம்மா அனுப்பும் பார்சலில் ஜாம் மூன்று புட்டி இருக்கிறது. ஹென்ரிக்குக்கு இரண்டு என்று சீட்டு ஒட்டினாள், நான் மாற்றி ஒட்டிவிட்டேன். அவருக்கு ஒன்று போதும்.

எப்போதும் உன் நலம் நினைக்கும்
அப்பா,
சிகமோரி யசுனொரி