அண்ணன் தாண்டிப்போன அத்தியாயம்

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

உன் நாவல் அச்சுக்குப் போய்விட்டது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நீயும் போனில் ஹலோ சொல்வதற்கு முன்பே விஷயத்துக்கு வருகிற ஆள்தானே?

கீரமங்கலத்தில் எல்லாரும் சௌக்கியம். அம்மாதான் ரொம்ப மாறிவிட்டது. உனக்குப் பெண் பார்த்த காலத்தில், "பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். கதை எழுதுவதைப் பற்றி மூச்சு விடாது. கிறுக்கன் என்று நினைத்துவிடுவார்களாம். இப்போது பூ மார்க்கெட்டில் யார் விசாரித்தாலும், "எம் மகன் கதை எழுதுறவன். கம்ப்யூட்டர் வேலையும் பார்த்தான்" என்கிறது. வரிசை மாறிவிட்டது அண்ணே. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு பெருமை.

பெருமைப்பட உன்னிடம் என்னதான் இல்லை? சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதினாய். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊருக்கு வந்து, தென்னந்தோப்பைப் பார்த்த அந்த அறையில் இன்வெர்ட்டரை நம்பிக் கடையைப் போட்டாய். காலையில் விண்வெளிக் கதை, மதியத்திலிருந்து ஆபீஸ், சாயங்காலம் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். நடுவில் ஜெகதாப்பட்டினத்துப் படகுக்காரர்களுக்கு ஒரு செயலி வேறு எழுதிக் கொடுத்தாய், கடல் எல்லை நெருங்கினால் போன் கத்துகிற மாதிரி. நானோ வேறொரு கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. உன் கதைகளில் கண்டுபிடித்தது மட்டும் சம்பளமில்லாத ஓவர்டைம்.

இந்த நாவலை நீ ஆரம்பித்தபோது நான் எவ்வளவு கிண்டல் செய்தேன்! வியாழன் கிரகத்தின் நிலவில், பனிப்பாறைக்கு அடியில் கடல். அதில் மீன் பிடிக்கப் போகிறார்கள் ஜெகதாப்பட்டினத்து ஆட்கள். பனி உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நீ ஐஸ் பிளான்ட்டில் போய் நின்று, ஐஸ் பாரை உடைக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு வந்தாய். பதிப்பாளர் முதலில் தயங்கினார். "விண்வெளியில போறவன் அங்கிட்டு இங்கிட்டுன்னு பேசுவானா சார்?" என்று கேட்டார். "ஜெகதாப்பட்டினத்துக்காரன் எங்க போனாலும் அங்கிட்டுன்னுதாங்க சொல்லுவான்" என்றாய் நீ. அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

நீ வேலை செய்கிற விதமே வேறு. நிரல் எழுதும்போது முதலில் அதற்கான சோதனையை எழுதி வைத்துக்கொள்வாய். அதில் தேறும்வரை நிரலைத் திருத்துவாய். கதைக்கும் அதே வழக்கம்தான். கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதி முடித்துவிட்டு, அங்கே ஒழுங்காகப் போய்ச் சேர்கிற மாதிரி மற்றதையெல்லாம் எழுதுவாய். எல்லை தாண்டியதாகப் பிடித்து வைக்கப்பட்ட ஒரு படகு ஊர் திரும்புவதுதான் இந்த நாவலின் முடிவு. எழுதிவிட்டாய். அவர்கள் பிடிபட்டதையும் எழுதிவிட்டாய். எப்படி விடுபட்டு வந்தார்கள் என்கிற ஒரு அத்தியாயத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டாய். கேட்டதற்கு, "அது எனக்கே தெரியல புள்ள. தெரிஞ்சதும் எழுதுறேன்" என்றாய். பாழாய்ப்போன நெஞ்சுவலிக்கு அதுவரை பொறுமை இல்லை.

நீ போன பிறகு பதிப்பாளர் பேசினார். "கவலைப்படாதீங்க மேடம். ஏஐ-கிட்ட குடுத்தா அவர் நடையிலேயே எழுதிக் குடுத்துரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உன் கதைக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்துகொள்வதா? ஆனாலும் டெஸ்டர் இல்லையா, சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாதே. கொடுத்துப் பார்த்தேன். உன் நடையேதான், உன் அங்கிட்டு இங்கிட்டேதான். ஆனால் நம் ஆட்கள் காவல்காரர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் படகை மீட்டு வந்தார்கள். உன் கடைசி அத்தியாயத்திலோ, தங்களைப் பிடித்து வைத்திருந்த காவல்காரனுக்கு மீன் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சோதனையில் அது தேறவில்லை.

அப்புறம் ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். ரோஸ்லின் அக்காவைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரரைக் கடலில் பிடித்துக்கொண்டு போனபோதுதானே நீ அந்தச் செயலியையே எழுத ஆரம்பித்தாய்? வீட்டுக்காரர் எப்படி விடுதலையாகி வந்தார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அது எனக்கு என்னத்தா தெரியும்? அவுக அங்கிட்டு கெடந்தாக, நான் இங்கிட்டு கெடந்தேன். வெடிஞ்சா ஐஸ் பிளான்ட் வாசல்ல போயி நிப்பேன். சேதி மொதல்ல அங்கதான் வரும். அவுக கதைய அவுககிட்ட கேளு. வேணும்னா ஏங் கதைய நான் சொல்றேன்" என்றார்.

அண்ணே, நாம் இரண்டு பேரும் படகிலேயே உட்கார்ந்திருந்தோம். கரையில் நிற்பவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகையால் அந்த அத்தியாயத்தை நானே எழுதினேன். நம்புவாயா? உன் படகுக்காரனின் மனைவி பூமியில் காத்திருக்கிறாள். வியாழனிலிருந்து சேதி வருமா வராதா என்று தெரியாமல் சமைக்கிறாள், பிள்ளையை அடிக்கிறாள், பிறகு அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், ஐஸ் பிளான்ட் வாசலில் போய் நிற்கிறாள். அவர்கள் எப்படி விடுபட்டார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருநாள் சேதி வருகிறது, புறப்பட்டுவிட்டோம் என்று. அவ்வளவுதான் அத்தியாயம். எழுதுவது எத்தனை பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படியப்பா எழுதினாய்?

எழுதியதை உன் கடைசி அத்தியாயத்தோடு சேர்த்து வைத்துப் படித்தேன். புருஷன் கரையேறும்போது அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறாளே, அதைப் பிழை என்றுதான் குறித்து வைத்திருந்தேன். எந்தப் பெண்ணாவது பேசாமல் இருப்பாளா என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். இப்போது படித்தால், அத்தனை நாள் ஐஸ் பிளான்ட் வாசலில் நின்றவள் அப்படித்தான் நடப்பாள். காரணம் தெரியாமலே சரியாக எழுதியிருக்கிறாய். உன்னை நினைத்து அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழுதேன்.

பதிப்பாளருக்கும் திருப்தி. "ரொம்ப இயல்பா வந்திருக்கு மேடம். எந்த ஏஐ யூஸ் பண்ணீங்க?" என்று கேட்டார். "அது கூடப் பொறந்ததுங்க" என்றேன். மனுஷனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை உன் படத்துக்கு முன்னால் வைத்து மாலை போட மாட்டேன். அது ரோஸ்லின் அக்கா வீட்டுக்காரரோடு கடலுக்குப் போகும். நனைந்தால் நனையட்டும். திரும்பி வந்து, "இந்த எடம் தப்புத்தா, நாங்க இப்புடி இருக்கல" என்று அவர் சொன்னால், நான் எழுதியதை அடுத்தடுத்த பதிப்புகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்துவேன். நீ எழுதியதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான்.

புத்தக அட்டையில் உன் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்ட
உன் தங்கச்சி,
செல்வி