மல்லாட்டைக் கொல்லையில் விழுந்த பெட்டி

சென்னை,
20-11-1958

அன்புள்ள வீரம்மாளுக்குக் கண்ணையன் எழுதுவது. எனக்குச் சளி தவிர வேறு குறை இல்லை. உனக்கும் அம்மாவுக்கும் அதுவும் வேண்டாம். ஓமந்தூரில் மழை உண்டா?

நான் தினமும் பலூனில் ஒரு பெட்டியைக் கட்டி விடுகிறேன் அல்லவா? எட்டு மைல் உயரத்தில் காற்று எப்படி என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கீழே மேகம் திரண்டாலும் உயரத்துக் காற்று வேகமாக அடித்தால் கலைத்துவிடும். நம் கொல்லைக்கு மழை வருமா என்பது அங்கேதான் முடிவாகிறது. பலூன் வெடித்ததும், ஆபீஸ் விலாசம் ஒட்டிய அந்தப் பெட்டி எங்கேயாவது விழும். அதை எடுத்தவர்கள் எழுதும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதும் என் வேலைதான்.

நேற்று உன் அத்தை மகன் கோதண்டபாணி எழுதிய கடிதம் வந்தது. "பெட்டி எங்க மாமா பொண்ணு வீரம்மா மல்லாட்டைக் கொல்லையில வுழுந்துச்சுங்க. அது பயந்துக்கினு என்னைத்தான் கூப்ட்டுச்சு. நான் எடுத்துக் காட்டினப்புறம் சிரிச்சுக்கினே மோர் குடுத்துச்சுங்க."

அதிகாரிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மோர் வந்த இடத்தில் கொஞ்சம் புரையேறியது, வேறொன்றுமில்லை.

உன்னைக் கட்டிக்கொள்ள முறை இருந்தவன் அவன். வானிலை ஆபீசுக்கு மோரைப் பற்றி எதற்கு எழுத வேண்டும்? நான் விட்ட பெட்டி இரண்டு மணி நேரத்தில் உன்னிடம் வந்துவிட்டது. எனக்குத் தீபாவளிக்குக்கூட லீவு கிடைக்கவில்லை. நீ கடிதம் போட்டு நாற்பது நாள் ஆகிறது.

இங்கே விற்கிற வேர்க்கடலையில் ருசியே இல்லை; நம் கொல்லை மல்லாட்டையை வறுத்துக் கொஞ்சம் அனுப்பு. அவன் கையில் கொடுத்தனுப்பாதே. தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. இனி பெட்டி விழுந்தால் நீயே எடுத்து, ஆபீசுக்கு நீயே எழுது. அந்தக் கடிதமாவது என் கைக்கு வரும்.

கண்ணையன்