வாலடியில் ஒரு பழுப்புப் புள்ளி

தங்கச்சி,

இன்று காலை மழை விட்டுச் சிறிது வெயில் வந்தது. கொடியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். கம்பி பட்ட இடத்தில் பழுப்பாக ஒரு துருக்கறை. மருமகள் எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனாள். நான் சட்டையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகிறது.

அப்புத்தளையில் நம் தோட்டத்துப் பழைய ஸ்டோர் உனக்கு மறந்திருக்காது. ஒரு காலத்தில் தேயிலை அரைத்த அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஓய்வுபெற்ற விமானி ஒருவர் இருவர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டினார். நமக்கு அவர் கேப்டன் ஐயா. தோட்டத்தில் முப்பது வருடம் வெல்டிங் செய்த என்னை எஃகுக் குழாய்களை ஒட்டக் கூப்பிட்டார். அவற்றின் மேல் போர்த்தும் துணியைத் தைக்க ஆள் தேடியபோது, லுணுகலையில் தையற்கடை வைத்திருந்த உன்னைச் சொன்னேன். "யூனிஃபோம் தைக்கிறவளுக்கு ஏரோப்ளேனுக்குச் சட்டை தைக்கத் தெரியாதாக்கும்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறி வந்தாய்.

வாலுக்கான உறையை அளவு பார்க்க மாட்டிவிட்டுப் போனோம். அன்று முழுதும் பனிமூட்டம் கலையவே இல்லை. மறுநாள் கழற்றியபோது வெள்ளைத் துணியின் அடியில் மிளகளவு ஒரு பழுப்புப் புள்ளி.

"அண்ணே, இது என்ன?"

"மூட்டத்து ஈரம். துடைச்சாப் போயிடும்."

"சும்மா ஈரம்னா நனைஞ்சுதான் இருக்கும். இது துருக்கறை. குழாய்க்கு உள்ளருந்து வருது."

நான்கு நாளில் லொறி வருவதாக இருந்தது. விமானத்தைக் கீழ்நாட்டு ஓடுபாதைக்கு ஏற்றிப் போக வேண்டும். "இரும்பு எனக்குத் தெரியும். நீ பேசாமத் தைச்சு முடி" என்று கத்தினேன். நீ ஊசியைத் தகர டப்பாவில் போட்டு மூடினாய்.

"துணியப் போத்திட்டா அப்புறம் யாரு பாக்குறது? அந்த மனுசன்தானே இதுல ஏறிப் போகப்போறாரு?"

கோபத்தில் குத்தூசியை எடுத்துக் குழாயில் அந்த இடத்தில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, உள்ளே இறங்கிவிட்டது. பழுப்புத் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. வெல்டிங் செய்யும்போது சூட்டுக் காற்று வெளியேறக் குழாய்களில் சின்னத் துளைகள் போடுவோம். வேலை முடிந்ததும் ஒன்று விடாமல் அடைக்க வேண்டும். வாலடியில் ஒன்றை நான் விட்டிருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் அதன் வழியே ஈரக்காற்று போய், உள்ளே குளிர்ந்து, தண்ணீராய்த் தங்கிவிட்டது.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணே. ஐயாகிட்ட நீயே சொல்லிடு" என்றாய்.

சொன்னேன். ஐயா குனிந்து வாலடியைப் பார்த்தார். பிறகு, "மொத்தம் எத்தனை துளை?" என்றார்.

"நாப்பத்தாறுங்க ஐயா."

"அப்ப மிச்ச நாப்பத்தஞ்சையும் பாப்போம்."

லொறி வேண்டாமென்று சொல்லியாயிற்று. இன்னும் இரண்டு திறந்திருந்தன. கெட்ட குழாயை அறுத்துப் புதிதாக ஒட்டினேன். எல்லாவற்றையும் சூடு காட்டி உலர்த்தி, உள்ளே துருப்பிடிக்காமலிருக்க ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடித்து அடைத்தோம். நீ உறையின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வடியச் சின்னக் கண்துளை வைத்து, ஓரம் கிழியாமல் வளையம் பொருத்தினாய். விமானத்தின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பையும் நீதான் தூக்கி எறிந்தாய். "இதுக்குள்ள வேர்த்துக் கொட்டுது. ஈரத்துணிய மடிச்சு வச்ச மாதிரி" என்று பருத்தியில் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தாய்.

அனுமதியெல்லாம் கிடைத்து விமானம் பறந்தபோது நாம் இருவரும் கீழே நின்று அழுதோம். சில மாதங்கள் கழித்து ஐயா உன்னைக் கூப்பிட்டார். நீ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாய். இறங்கியதும், "நம்ம மலை அங்கிட்டு நீலமாத் தெரியுதுண்ணே. அவ்வளவு ஒசரத்துலயா நாம இருக்கோம்?" என்று கேட்டாய். அதன் பிறகு நாலு வருடம், கடைக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுகூட, பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

விமானம் இன்னும் பறக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வாலடியை நான்தான் பார்க்கிறேன். வீட்டில் விமானம் கட்டும் வேறு இரண்டு பேர் என்னிடம் போனில் யோசனை கேட்கிறார்கள். என் தப்பைத்தான் முதலில் சொல்வேன். கேட்டுவிட்டு அவர்களும் கொஞ்சம் தயங்கி, "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்குங்க..." என்று ஆரம்பிப்பார்கள். வேலை அங்கேயிருந்து தொடங்கும்.

அன்று ஐயா முன்னால் அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது அந்தக் கதை எனக்குச் சுலபமாக வருகிறது, தங்கச்சி. உன் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

அண்ணன்